கலியாணத்துக்குப் போன குளிர் ஜக்கெற்

இந்த ஊரில் குளிருக்கு இரண்டு இலக்கங்கள். காலையில் கைத்தொலைபேசியைத் திறந்தால் மூன்று பாகை, ஆனால் உணர்வது மைனஸ் இரண்டு என்று வரும். யாழ்ப்பாணத்தில் வானிலை என்பது றேடியோவில் செய்தி முடிந்தபின் யாரோ அவசரமாக வாசித்துவிட்டுப் போகும் சங்கதி. கடலுக்குப் போகிறவர்களைத் தவிர ஒருவரும் அதற்குக் காது கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்த இந்தப் பத்தொன்பது வருடத்தில் நான் அந்த இரண்டு இலக்கங்களுக்கும் அடிமையாகிவிட்டேன். அதோடு நின்றேனா? பிராந்தியத்துக்கான பருவகால முன்னறிவிப்பையும் தேடி வாசித்து, எங்கள் கட்டடத்து லிஃப்டில் அகப்படுகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லி வந்தேன். ஆட்கள் தங்கள் மாடி வருமுன்னரே இறங்கிப் போவதைக் கவனித்தும் நிறுத்தவில்லை. என் மனைவி சுகந்தி மட்டும் இதில் ஒரு சொல்லைக்கூட நம்பியதில்லை.

ஏப்ரல் கடைசியில் நாலைந்து நாள் நல்ல வெயில் எறித்தது. இந்த வசந்தம் வழமையைவிடச் சூடாக இருக்கும் என்று முன்னறிவிப்பும் சொன்னது. வின்ரர் முடிந்தது என்று வீட்டில் பிரகடனம் செய்தேன். என்னுடைய குளிர் ஜக்கெற், கம்பளித் தொப்பி, பனிச் சப்பாத்து எல்லாவற்றையும் ஒரு பெரிய மட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டினேன். வருடாவருடம் அது பேஸ்மென்ரில் உள்ள எங்கள் லொக்கருக்குப் போகும். சுகந்தியின் ஜக்கெற்றையும் கேட்டேன். "உங்கட வெதரை நம்பி நான் விறைக்கேலாது" என்று அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதே அளவில், அதே கடையில் வாங்கிய இன்னொரு பெட்டியும் வரவேற்பறையில் இருந்தது. அது ஊருக்குப் போக வேண்டியது. வைகாசியில் அக்காவின் மகள் நிலானிக்குக் கோண்டாவிலில் கலியாணம். நான் பிள்ளைக்கு ஒரே தாய்மாமன். புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான், லீவு கேட்க வழியில்லை. போக முடியாத குறையைப் பட்டுச் சேலைகளாலும் மாப்பிள்ளைக்கான கோட்சூட்டாலும் நிரப்பியிருந்தேன். பெட்டிகளின் மேல் பெயர் எழுதிவிடுங்கோ என்று சுகந்தி சொன்னாள். எது எதென்று எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். மறுநாள் காகோக்காரர் வந்து ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மே பிறந்து இரண்டாம் கிழமை குளிர் திரும்பி வந்தது. சாதாரணமாக வரவில்லை, விட்டுப்போன சாமானை எடுக்க வந்தது போல வந்து குந்திக்கொண்டது. லொக்கருக்குப் போய்ப் பெட்டியை வெட்டித் திறந்தேன். மேலே கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டுச்சேலை சிரித்தது. அதற்குக் கீழே மாப்பிள்ளையின் கோட்சூட்.

படியேறி வருமுன்னரே அக்காவிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. "தம்பி, பெட்டி வந்திட்டுது. கலியாண ஹோல் ஏசி எண்டு ஒருக்காச் சொன்னதுக்கே இவ்வளவு யோசிச்சு அனுப்பியிருக்கிறாய். ஆனா ஒண்டு கேக்கிறன், அவ்வளவுக்குக் குளிருமோ?"

உண்மையைச் சொன்னேன். 

"அப்ப மாப்பிள்ளையின்ர கோட்சூட்?"

"இஞ்ச பேஸ்மென்ரில நிக்கிறன் அக்கா. கையிலதான் இருக்கு."

அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. பிறகு குரல் இறங்கியது. "சரி விடு. நீதான் வரேல்ல, உன்ர உடுப்பாவது வந்திட்டுதே."

அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. அன்றைக்கே சரியான பெட்டியை அவசர அனுப்புதலில் போட்டேன். புது ஜக்கெற் வாங்குங்கோ என்றாள் சுகந்தி. அடுத்த கிழமை சூடு வரும் என்று முன்னறிவிப்பு இருக்கிறது என்றேன். அடுத்த கிழமையும் முன்னறிவிப்பு அதையேதான் சொன்னது. நான் மூன்று சுவெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, கைகள் உடம்போடு ஒட்டாமல், பஸ் தரிப்பில் நின்றேன்.

அங்கே தினமும் காலையில் வரும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் உண்டு. உன் கோட் எங்கே என்று கேட்டார். கலியாணத்துக்காக ஸ்ரீலங்காவுக்குப் போய்விட்டது என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டு, உனக்கு எவ்வளவு நல்ல மனம் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் ஒரு பெரிய பையோடு வந்தார். உள்ளே அவருடைய மகனின் குளிர் கோட். மகன் வன்கூவருக்குப் போய்ப் பல வருடமாம், அங்கே இது தேவைப்படாதாம். இருந்த ஒரே கோட்டையும் ஊரில் உள்ள ஏழைகளுக்குக் கொடுத்தவன் குளிரில் நிற்கக்கூடாது என்றார். மறுக்க வாய் திறந்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். கோட்டின் கை என் விரல்களையும் தாண்டிப் போனது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நல்ல சூடு.

"முன்னறிவிப்பில இதுவும் இருந்ததோ?" என்று கேட்டாள் சுகந்தி.

சரியான பெட்டி கலியாணத்துக்கு இரண்டு நாள் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டது. கலியாணத்தன்று காலை ஆறரைக்கு அக்கா வீடியோவில் வந்தபோது நான் தரிப்பில் நின்றேன். அங்கே பின்னேரம் நாலு மணி. தாலி கட்டி முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் கோட்சூட் அளவாக இருந்தது. முன்வரிசையில் ஒரு கதிரையில் என் ஜக்கெற் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் ஒரு மாலை, கழுத்துக்கு மேலே என் கம்பளித் தொப்பி.

"மாமன்ர கதிரை வெறுமையாக் கிடக்கக் கூடாதெண்டு நிலானி ஒரே பிடிவாதம்" என்றாள் அக்கா.

சொல்லி வாய் மூடவில்லை, பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தக் கதிரைக்கு முன்னால் வந்தார்கள். கதிரைக்குக் கீழே என் பனிச் சப்பாத்து இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள். இருவரும் அதில் விழுந்து கும்பிட்டார்கள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிலானி எழும்பவில்லை. "மாமா, ஆசீர்வாதம் பண்ணுங்கோ" என்று தரையிலிருந்தே கத்தினாள்.

யாரோ ஒரு பிள்ளை வன்கூவருக்குப் போகும்போது விட்டுச்சென்ற கோட்டின் நீளக் கைக்குள்ளிருந்து என் கையை வெளியே எடுத்து, தெருவைப் பார்த்து உயர்த்தினேன். நன்றாக இருங்கோ பிள்ளையள் என்று சொன்னேன். எனக்குத் தேவையில்லாத ஒரு பஸ், நான் மறிக்கிறேன் என்று நினைத்து, வந்து நின்று கதவைத் திறந்தது.