அடுக்குச் செம்பருத்தி

சின்னமனூரில் எங்கள் தெருவில் எந்த வளைகாப்பு என்றாலும் தட்டுகளை அலங்கரிக்கச் சித்தியின் அடுக்குச் செம்பருத்திதான் போகும். சித்தி போகமாட்டாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லாதவளை வளைகாப்புக்கு யார் கூப்பிடுகிறார்கள்? பூவை மட்டும் கூசாமல் வாங்கிப் போவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் சார் ஆளுக்கொரு செம்பருத்தி கொண்டுவரச் சொன்னார். நான் சித்தியிடம் கேட்டு, இருப்பதிலேயே கொழுத்த பூவாகக் கொண்டுபோனேன். பிரிக்கப் பிரிக்க இதழ்தான் வந்தது. மற்றவர்கள் பூவிலெல்லாம் நடுவில் மகரந்தக் குச்சி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏ, இவ பூவுக்கு வாலே இல்லடி!"

வகுப்பே சிரித்தது. சார் எட்டிப் பார்த்து, "இது மலட்டுப் பூ. அடுக்கு வேணாம், ஒத்தப் பூ கொண்டா" என்றார். எனக்கு மானமே போய்விட்டது.

சாயங்காலம் சித்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"சார் என்ன சொன்னாக, ஆத்தா?"

பட்ட அவமானத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "உன் பூதான் ஒசத்தின்னாக. கிளாஸ் பூராவும் கேட்டாக" என்று அளந்துவிட்டேன்.

மறுநாள் ஒரு கூடை நிறையப் பூவோடு வகுப்பு வாசலில் வந்து நின்றாள். ஐயோ! சார் நல்ல மனுஷர். அவளை உள்ளே கூப்பிட்டு, ஒரு பூவைப் பிரித்துக் காட்டினார்.

"பூவுக்குள்ள எது எதுவா ஆகணும்னு மரபணுதாம்மா சொல்லும். இதுல அது சரியாச் சொல்லல. மகரந்தம் வரவேண்டிய எடத்துலயும் இதழே வந்துருச்சு. அதான் காய்க்காது."

சித்தி கூடையை இடுப்பில் இடுக்கியபடி கேட்டாள்.

"அப்ப வளத்தவ மேல குத்தமா சார்?"

"இல்லம்மா."

"செடி மேல?"

"அதும் என்ன செய்யும்? அதோட அமைப்பு அப்படி. யார் மேலயும் குத்தமில்ல."

"நெசமாத்தான் சொல்றீகளா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் பெஞ்சுக்கு அடியில் பேனாவைத் தேடுகிறவளைப்போலக் குனிந்துகொண்டேன். சித்தி விடவில்லை. "யார் மேலயும் இல்லயா சார்?" என்று மறுபடியும் கேட்டாள். சார் மறுபடியும் இல்லை என்றார்.

அவள் என் சித்தி என்பது யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டுமே என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். சொன்னதையே ஏன் திரும்பச் சொல்லச் சொன்னாள், கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏன் அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிட்டாள் என்பதெல்லாம் எனக்கு அப்போது விளங்கவே இல்லை.