அஞ்சலை அக்காவின் காவிக் காளை

போன செவ்வாய்க்கிழமை காலையில், சுங்கை சிப்புட் பக்கமிருந்து விறகு ஏற்றி வந்த வண்டிக்காரர் செமோரில் என் வீட்டு வாசலில் மாட்டை நிறுத்தி, இறங்காமலே, "கெராணி ஐயா, மாட்டுக்கொட்டாய் அஞ்சலை போயிருச்சுங்க" என்றார். நாலு நாள் காய்ச்சலாம். கடைசி நாளில் கஞ்சி வேண்டாம் என்றவர், கன்றுக்கு ஏன் தண்ணீர் காட்டவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியை ஏசிவிட்டுத்தான் கண்ணை மூடினாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.

தோட்டத்தில் அவரோடு இருந்த உங்களுக்கு என்னைத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அந்த ரப்பர் தோட்டத்து ஆப்பீஸில் ஏழு வருஷம் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணியாக இருந்தவன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மாட்டைக் கண்டால் ஓடுவேன். இந்த இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் என்ன கேடு வரும் என்பதை அஞ்சலை அக்காதான் அனுபவித்தார்.

நம் துரைக்குத் திடீரென்று ஓர் ஆசை பிறந்தது. மரத்தடியில் புல் சும்மா வளர்கிறதே, அதைப் போட்டு இறைச்சி மாடு வளர்த்து ஈப்போவுக்கு அனுப்பினால் என்ன? அதற்கும் ஊர் மாடு ஆகாதாம். இந்தப் பக்கம் யாருமே வளர்க்காத பாலித் தீவு மாடுகளைச் சித்தியவானில் ஒரு மலாய்க்கார வியாபாரியிடம் வாங்கினார். நாலு பசு, ஓர் இளங்காளை. எல்லாம் செங்கல் நிறம். கால்களில் முழங்கால்வரை வெள்ளை, பின்புறத்தில் வட்டமாக இன்னொரு வெள்ளை. ஆளைக் கண்டால் மான் மாதிரி மிரளும்.

யார் மேய்ப்பது? அறுப்புக்கென்று மாடு வளர்ப்பது பாவம் என்று லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளிகள் எல்லாரும் பின்வாங்கினார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையில் இருந்த அஞ்சலை அக்கா முன்னால் வந்து ஐந்தையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மாடுன்னா திமில் இருக்கணும். இதுல எதுக்காச்சும் திமில் இருக்கா? இது மாடே இல்ல, நான் பாத்துக்கிறேன்" என்றார். கோயில் பண்டாரம் கொஞ்சம் யோசித்து, அதுவும் சரிதான் என்றார். அத்தோடு தோட்டத்துப் பாவம் முழுக்கத் தீர்ந்தது.

மாடே இல்லாத அந்த மாடுகளுக்கு மாட்டுப் பொங்கலன்று மாலை கட்டிக் குங்குமம் வைத்தவரும் அவர்தான். இதென்ன நியாயம் என்று கேட்டேன். வண்டி மாடுகளுக்கு மட்டும் போட்டால் இதுகள் ஏங்கிப் போகுமாம். நாலு பெண்டாட்டியோடு வந்திறங்கியதால் இளங்காளைக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தார். மாப்பிள்ளையோ பசுக்களைக் கண்டால் வேலியோரம் ஒதுங்கி நின்றுகொள்ளும். கன்று எங்கே, கன்று எங்கே என்று துரை வந்து வந்து கேட்பார். "பையனுக்கு வயசு வரட்டும் தொரை, தடியால அடிச்சா கனியுமா?" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வார் அக்கா.

துரை எட்டு மாத விடுப்பில் சீமைக்குப் புறப்பட்டார். மாதம் ஒருமுறை கொட்டகைக்குப் போய்க் காளையைப் பார்த்து எழுதும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எழுதினேன். பார்க்கத்தான் போகவில்லை. சாணி நாற்றமும் கொம்பும் எனக்கு ஒத்துவராது. நாற்காலியை விட்டு அசையாமல், "சிவப்புக் காளை மிக்க நலம்" என்று மாதாமாதம் அழகான இங்கிலீஷில் எழுதித் தள்ளினேன்.

ஏழாம் மாதம் கங்காணி வந்து என் காதில் ஓதினார்: அஞ்சலை துரையின் காளையை விற்றுவிட்டு வேறொன்றைக் கட்டி வைத்திருக்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். அடடா! கன்னங்கரேலென்று ஒரு காளை நின்றது. தானாகக் கறுத்துவிட்டது என்றார் அக்கா. வெயிலோ என்று நிழலில் கட்டினாராம். சூடோ என்று விளக்கெண்ணெய் தடவினாராம். கண்ணேறோ என்று மிளகாய் சுற்றிப் போட்டாராம். அது பாட்டுக்குக் கறுத்துக்கொண்டே போயிற்று. சொன்னால் யார் நம்புவார்கள் என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டார். லயத்தில் பாதிப் பேர் அவரை நம்பினார்கள், பாதிப் பேர் நம்பவில்லை. துரை வந்ததும் திருடி என்று விரட்டிவிடுவார் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு. புருஷன் செத்து வருஷமாகிறது. ஊரிலும் யாருமில்லை. அந்தக் கொட்டகையை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

எனக்கு என் கவலை. சிவப்பு சிவப்பு என்று ஆறு கடிதம் எழுதியிருக்கிறேனே! ஆகவே ஒரு வழி சொன்னேன். கோயில் சுவருக்குப் பூசும் காவியைக் கரைத்துக் காளைக்கும் பூசிவிடுவோம். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் திருடலைங்க. திருடாதவ எதுக்கு வேசம் கட்டணும்? கறுத்தா கறுத்துச்சுன்னு சொல்லுவேன். வெளிய போன்னா போறேன்."

துரை வரும் நாளும் வந்தது. லயத்து ஆட்கள் வேலைக்காட்டில் இருந்தார்கள். அக்கா உப்பு வாங்கச் சுங்கை சிப்புட் போயிருந்தார். நான் காவி வாளியோடு கொட்டகைக்குள் நுழைந்தேன். படித்தவன் அல்லவா, கஞ்சியில் கரைத்தால் நன்றாக ஒட்டும் என்று கண்டுபிடித்திருந்தேன். நீளக் கம்பு நுனியில் தேங்காய் மட்டையைக் கட்டி, வேலிக்கு இந்தப் புறம் நின்று பூசினேன். மாப்பிள்ளைக்குக் கஞ்சி பிடித்துப்போயிற்று. நான் பூசப் பூச அது திரும்பித் திரும்பி நக்கியது. ஒருவழியாக முடித்தபோது காளையும் சிவப்பு, என் சட்டைக் கையும் சிவப்பு. களைப்பில் அது வைக்கோலில் படுத்துவிட்டது.

சொல்லி வைத்தாற்போல் துரையின் மோட்டார் வந்து நின்றது. இன்னும் பசுக்கள் வாங்குவதற்காகச் சித்தியவான் வியாபாரியையும் கூட்டி வந்திருந்தார். பின்னாலேயே உப்பு மூட்டையோடு அக்கா. வியாபாரி காளையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். பாலிக் காளை கன்றில் சிவப்பாக இருக்கும், வயதுக்கு வந்தால் கறுத்துவிடும், இத்தனை வயதில் சிவப்பாக இருக்கிறதென்றால் யாரோ காயடித்துவிட்டார்கள் என்றார்.

துரைக்கு ரத்தம் தலைக்கேறியது. இனம் பெருக்க வைத்திருந்த ஒரே காளை! அதை எழுப்பிப் பார்க்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. பொழுது சாய்வதற்குள் லயத்தைக் காலி செய் என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். நான் அங்கேதான் நின்றேன். வாய்க்குள் கொழுக்கட்டை.

அக்கா மூட்டையை இறக்கினார். படுத்திருந்த காளையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. தொட்டித் தண்ணீரை மண்ணெண்ணெய் டின்னில் மொண்டு மாப்பிள்ளையின் முதுகில் ஊற்றினார். காவி வழிந்து ஓடியது. அது திடுக்கிட்டு எழுந்து, கன்னங்கரேலென்று, தனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நின்றது. வியாபாரி கையைத் தட்டிச் சிரித்தார்.

யார் பூசியது என்று கேட்டார் துரை. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தெரிந்தால் என் ஆறு கடிதமும் பொய் என்று ஆகிவிடும், உத்தியோகம் போய்விடும்.

"நாந்தான் தொரை" என்றார் அஞ்சலை அக்கா. "கண்ணு பட்டுரும்னு பூசினேன்."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொட்டுக் காவிக்குச் சம்மதிக்காத மனுஷி! துரை மோட்டார்ப் படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். லயத்தைக் காலி செய்யும் பேச்சு அத்தோடு போயிற்று.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். சாணி அள்ளிக்கொண்டே, "ஒங்க சோத்துல மண்ணு விழவேணாம்னு சொன்னேன். இனிமே வந்து பாத்துட்டு எழுதுங்க" என்றார். அதற்குப் பிறகு வாராவாரம் போனேன். நாலு பசுவும் கன்று போட்டன. முதல் கன்று பிறந்தபோது விளக்கைப் பிடித்தவனே நான்தான். அதுவரை "ஏ அஞ்சலை" என்று கூப்பிட்டவன் "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். கிடாரிகளை விட்டுவிட்டு, வளர்ந்த காளைக் கன்றுகளை ஈப்போவுக்கு ஓட்டிப் போகும் நாளில் மட்டும் வயிற்றுவலி என்று அவர் படுத்துவிடுவார். திமில்தான் இல்லையே அக்கா என்றேன் ஒருநாள். "திமில் இல்ல. கண்ணு இருக்குதே" என்றார்.

அந்தக் காவி மட்டும் அவரை விடவில்லை. அன்றிலிருந்து தோட்டம் முழுக்க அவருக்குக் "காவி அஞ்சலை" என்றுதான் பெயர். பிள்ளைகள் ராகம் போட்டுக் கூவினார்கள். சம்பள நாளில் கங்காணி அப்படியே கூப்பிட, வரிசை முழுக்கச் சிரித்தது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் சிரித்தேன். அவர் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். என்னைக் காட்டிக்கொடுத்து ஒரு வார்த்தை, சாகும்வரை அவர் வாயிலிருந்து வரவில்லை. புதைத்த இடத்தில்கூட யாரோ அந்தப் பெயரைச் சொன்னதாக வண்டிக்காரர் சொன்னார்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு சொல். அன்று கொட்டகையில் நான் சொல்லியிருக்க வேண்டியது, எனக்காக அவர் சொன்னது. இத்தனை நாள் கழித்து, அவரைக் கேலி செய்த உங்கள் எல்லாருக்கும் முன்னால் அதை இப்போது சொல்லிவிடுகிறேன். காளைக்குக் காவி பூசியது அஞ்சலை அக்கா அல்ல. நான்தான்.