உங்கள் வீட்டில் முன்பு யார் இருந்தார்கள்?

இடிமுழக்கம் டீச்சர் தும்மினால் பக்கத்து ஊரில் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு அவர் நடத்தியது சரித்திரம். மனித உரிமைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். சொன்ன கையோடு, இதே ஊரில் ஒரு இனத்தையே துடைத்தெடுத்த வருஷத்தில் அந்த உரிமை யாரிடமிருந்து, எப்படிப் பறிபோனது என்றும் சொல்வார். பிள்ளைகளுக்குக் கொட்டாவி பாதியில் நின்றுவிடும்.

வீட்டில் வாழும் உரிமை பாடத்தில் வந்த அன்று வீட்டுப்பாடம் கொடுத்தார். "உங்க வீட்ல உங்களுக்கு முன்னாடி யாரு இருந்தாங்கன்னு கேட்டுட்டு வாங்க."

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பதில்தான் கொண்டுவந்தார்கள்: காலி மனை. எங்கள் ஊரில் அப்போது காக்காய்தான் வீட்டு வரி கட்டியிருக்கும் போல!

கடைசியாக டீச்சரின் சொந்த மகள் எழுந்தாள்.

"தையல்காரர் குடும்பம் இருந்துச்சாம், டீச்சர். பரண்ல ஒளிஞ்சிருந்தாங்களாம். தாத்தா கீழ நின்னு, 'மாமா வந்திருக்கேன், மிட்டாய் இருக்கு'ன்னு பாப்பாவக் கூப்பிட்டாராம். அது எட்டிப் பாத்துச்சாம். அப்புறம் ஆளுங்க ஏறிட்டாங்களாம். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு."

டீச்சர், "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல, திரும்பச் சொல்லு" என்றார்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாமனார் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "ஏம்மா, பேத்திகிட்ட ரகசியமாச் சொன்னத நீ ரேடியோல போட்டுட்டியாமே?"

புருஷன் சிரிக்கவில்லை. "நாளைக்கு கிளாஸ்ல, புள்ள கதை கட்டிருச்சுன்னு சொல்லிடு."

"பெத்த பொண்ணப் பொய்க்காரி ஆக்கச் சொல்றீங்களா?"

"அப்ப பொட்டியக் கட்டு. புள்ள இங்கதான் இருக்கும்."

டீச்சர் பெட்டியைக் கட்டினார். மறுநாள் அந்தப் பெட்டி ஆசிரியர் அறையில் இருந்தது. டீச்சர் வகுப்பில் இருந்தார்.

பாடம் தொடங்குமுன் மகள் எழுந்தாள். அப்பா சொல்லிக் கொடுத்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தாள். "நேத்து நான் சொன்னது பொய், டீச்சர். தாத்தா எதுவுமே சொல்லல." உட்காராமல் நின்றாள். "இப்ப வீட்டுக்கு வருவியாம்மா?"

'வர்றேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மகளும் உண்டு, வீடும் உண்டு. டீச்சர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்து, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எல்லாரும் எழுதிக்கோங்க. சாட்சிய இப்படித்தான் மாத்துவாங்க. மொதல்ல, அந்தச் சாட்சிக்குப் பிரியமானவங்கள வீட்ட விட்டு வெளிய அனுப்புவாங்க."

பிள்ளைகள் எழுதினார்கள். மகளும் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள்.