தம்பி நெஞ்சில் இருந்த பொட்டு

எண்ணூர்க் குப்பத்துக் கெங்கம்மா யாரையும் ஏய்த்தவள் இல்லை. ஒரே ஒரு முறை ஏய்த்தாள். அதையும் சொந்தத் தம்பியை வைத்தே செய்தாள்.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது. அவள் புருஷன் தேசப்பனுக்கு அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாயில் அடைப்பு எடுக்கிற காண்ட்ராக்ட் வேலை. வருஷா வருஷம் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பார்கள். கறை தெரிந்தால் கேட் பாஸ் கிடையாது. தேசப்பனுக்கோ ஓயாத இருமல். இருமல்காரன் பேரில் நல்ல நெஞ்சுக்காரனை நிற்க வைப்பது அந்தத் தெரு வழக்கம்தான். டோக்கன் நம்பரைப் பார்ப்பார்கள், முகத்தை எவன் பார்த்தான்? கெங்கம்மா தம்பி ஜெயவேலை அனுப்பினாள். கட்டுமரத்துக்காரன், பீடி தொடாதவன். "மாமாவுக்காவ ஒரு நிமிசம் மூச்ச புடிக்க மாட்டனா?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

பத்தாம் நாள் தேசப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். படத்தில் வலப்பக்கம் ஒரு பொட்டு தெரிகிறதாம், சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டுமாம். இந்த முறை டாக்டரம்மாவே பக்கத்தில் நிற்பார் என்பதால் தேசப்பனே போய்ப் படுத்தான். வஞ்சிரத்தைத் துண்டு போட்டது மாதிரி நெஞ்சை வில்லை வில்லையாகக் காட்டுகிற மெஷின். சாம்பல் தழும்பு லேசாகத்தான் இருக்கிறது, அதற்குப் பாஸை நிறுத்த வேண்டாம், அந்தப் பொட்டைத்தான் காணோம் என்று டாக்டரம்மா குழம்பினார்.

கெங்கம்மாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக அங்கேயே வேண்டிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: பொட்டு எங்கும் போகவில்லை, தம்பி நெஞ்சில் இருக்கிறது. ஏய்த்ததைக்கூட மறந்துவிடுவாள், அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசும்.

உண்மை வெளியே வந்தால் வேலை போய்விடும், வாயைத் திறக்காதே என்றான் தேசப்பன். இரண்டு நாள் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஜெயவேல் நண்டு கொண்டுவந்தான். நீயும் ஒரு படம் எடுத்துக்கொள்ளேன் என்று சுற்றிவளைத்துப் பார்த்தாள். அவன் கேலி பண்ணினான்.

"அந்தப் பொட்டு உன்துடா" என்றாள்.

அவன் நண்டை அவள் பக்கம் தள்ளி வைத்தான். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு போய், தரையைப் பார்த்தபடியே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தேசப்பனின் பாஸ் அந்த வாரமே போயிற்று.

ஸ்கேன் முடிந்து ஜெயவேல் லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்தான். "யக்கா, உள்ள பேரு கேட்டாங்கோ. போன தபா ஞாபகத்துல தேசப்பன்னு சொல்லிட்டேன்."

கெங்கம்மா எழுந்து கவுன்டருக்குப் போனாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் பேரு ஜெயவேலும்மா. நல்லா பாத்து எழுது" என்றாள்.

பொட்டு இன்னும் சின்னதுதான், எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது, சந்தோஷப்பட அவளுக்குப் பயமாக இருந்தது.