அட்டைகளுக்கு வார்த்த கூழ்

முத்தாலம்மாளுக்கு அட்டை என்றால் அருவருப்பு கிடையாது. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு காலேஜில், மூன்றாம் மாடி ஆராய்ச்சிக் கூடத்தில், ஏழு வருஷமாக அட்டைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. கூட்டுவாள், துடைப்பாள், கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பாள். ஆனால் மனசெல்லாம் அட்டைகள் இருக்கும் ஜாடிகளின் மேல்தான். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், அட்டை தாங்காது என்று, முந்தின நாளே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்து, மறுநாள்தான் ஊற்றுவாள். அட்டைக்கு வாசனை ஆகாது என்பதால் வேலைக்கு வரும் நாளில் சோப்புகூடப் போட மாட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து தண்ணீர் மாற்றிவிட்டுப் போவாள். யாரும் அவளை வரச் சொன்னதில்லை.

அவள் பிறந்தது கோவளம் பக்கத்துக் குப்பம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. புருஷன் தனசேகர் கட்டுமரத்தில் போய், பிறகு ஃபைபர் போட்டில் போனவன். ஒருநாள் போட்டைக் கரையேற்றும்போது கால் மாட்டி எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் படுத்திருந்தான். கால் வீங்குகிறது என்று சொன்னான். கட்டு இறுக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். கட்டைப் பிரிக்கப் போகிற அன்று காலையில், முகம் கழுவிவிட்டு வந்தவன், மூச்சு வரவில்லை என்று சொல்லி உட்கார்ந்தான். அவ்வளவுதான். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி கழன்று போய் நுரையீரலை அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். முன்னமே ஊசி போட்டிருக்கலாமாம். உள்ளே ஓடுகிற ரத்தம் கல்லாகும் என்று அந்தக் குப்பத்தில் யாருக்குத் தெரியும்?

அதன்பிறகுதான் அவள் மாடம்பாக்கத்தில் இருக்கும் அக்கா லோகநாயகி வீட்டுக்கு வந்து, இந்த வேலையில் சேர்ந்தாள். சேர்ந்து ஒரு மாசம் கழித்து, புரொபசர் சுப்ரமணியன் சாரிடம் பயந்து பயந்து கேட்டாள், இந்தப் பூச்சிகளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று. அவர் வேலையாளிடம் பேசுவதைக் குறைவாக நினைக்காத மனுஷர்.

"ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போடறாங்க இல்ல, அது பன்றிக் குடல்லேருந்து எடுக்கறது முத்தாலம்மா. நல்ல மருந்துதான். ஆனா சில பேருக்கு உடம்பு ஏத்துக்காது. அட்டை கடிச்சா ரத்தம் நிக்காம வரும், பாத்திருக்கியா? அதோட எச்சில்ல இருக்கற சரக்கு அப்படி. உலகத்துக்குத் தெரிஞ்சது ஒண்ணு இருக்கு. நம்ம ஏரி அட்டைகிட்ட வேற ஒண்ணு இருக்கும்போலத் தெரியுது. அதைத்தான் தேடறோம்."

முத்தாலம்மாள் அன்று சாப்பிடவில்லை. தனசேகரைக் கொண்டுபோன வியாதிக்கு மருந்து, இந்த ஜாடிக்குள் நெளிகிறது. அதற்குத் தண்ணீர் மாற்ற அம்மன் தன்னைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள். இப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்?

ஆராய்ச்சி செய்கிற பெண் ஸ்ம்ருதி, மேடவாக்கத்து அபார்ட்மெண்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். அவளிடமும் கேட்டுப் பார்த்தாள்.

"மருந்து எப்ப மேடம் வரும்?"

"அக்கா, முதல்ல எலி, அப்புறம் முயல், அப்புறம்தான் மனுஷங்க. பதினைஞ்சு வருஷம்கூட ஆகும். வராமலே போனாலும் போகும்."

"வரும் மேடம். ஆத்தா வுட மாட்டா."

ஸ்ம்ருதி சிரித்தாள். "உங்க ஆத்தாவை எங்களுக்குப் பணம் குடுக்கற கமிட்டியில போட்டா நல்லாருக்கும்."

அந்தச் சிரிப்பு இந்த வருஷம் குறைந்துவிட்டது. ஆராய்ச்சிக்குக் கொடுத்த காலம் ஆகஸ்டோடு முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு சோதனை, கடைசிச் சோதனை, சரியாக வந்தால் மேலே இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள். வராவிட்டால் கூடத்தையே மூடிவிடுவார்கள். சோதனைக்கு அட்டை வேண்டும். ஒரு காலத்தில் நூறு இருந்த இடத்தில், கோடை வெப்பத்தில் செத்தது போக, பதினாலுதான் மிச்சம். ஏரியில் அட்டை பிடித்துத் தரும் எத்திராஜ் கையை விரித்துவிட்டான்.

"ஏரில இன்னாக்கா கீது? வெறும் சாக்கடை. எறங்கினா எனக்குத்தான் சொறி வர்து. அட்டை எங்கனா வேற ஊரு பாத்துகினு போயிருக்கும்."

ஆகவே அந்தப் பதினாலும் தங்கம். ஆனி மாசம் பிறந்த உடனே ஸ்ம்ருதி ஜாடியின் மேல் சீட்டு ஒட்டிவிட்டு, முத்தாலம்மாளிடமும் வாயால் சொன்னாள். இரண்டு மாசம் இவை ஒன்றும் குடிக்கக் கூடாது. வயிறு காலியாக இருந்தால்தான், குழாய் வாயில் கட்டிய தோலைக் கடித்து, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை உறிஞ்சும். அப்புறம் ஐஸில் வைத்தால் கக்கும். அந்தக் கக்கலில்தான் எச்சில் சுத்தமாகக் கிடைக்கும். முத்தாலம்மாள் தலையாட்டினாள். ஏழு வருஷமாக இதையே பார்த்திருக்கிறாள். ஆனால் முன்பெல்லாம் அட்டைகள் நூறு, பட்டினி மூன்று வாரம். எண்ணிக்கை குறைந்ததால் ஒவ்வொன்றும் தவறாமல் கடிக்க வேண்டும் என்று வைத்த இந்த இரண்டு மாசப் பட்டினியை இப்போதுதான் பார்க்கிறாள்.

சோதனை, ஆடி நாலாம் ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை என்று குறித்திருந்தார்கள்.

அந்த ஞாயிறுதான் அவர்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்த்தல். முத்தாலம்மாள் விடியலிலேயே கேழ்வரகுக் கூழ் காய்ச்சி, வெங்காயம் அரிந்து, முருங்கைக்கீரை வதக்கி, கருவாட்டுக் குழம்பு வைத்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் ஊற்றினாள். அவள் பிறந்த குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூழ் வார்க்கிறவள், தன் பொறுப்பில் இருக்கிற எந்த வாயும் காய்ந்திருக்க, தான் சாப்பிடக் கூடாது. வீட்டு மனுஷர், வாசலில் நாய், கொடாப்பில் கோழி, எல்லாம் நிறைந்த பிறகுதான் அவளுக்கு. அம்மனுக்குச் செய்கிற நோன்பு அது. அதனால் அவள் வாயில் இன்னும் ஒரு சொட்டு விழவில்லை. ஒரு தூக்கில் கூழை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போனாள்.

கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஆஸ்டின் தூக்கைப் பார்த்தவுடன் எழுந்தான்.

"அக்கா, நான் சர்ச்சுக்குப் போறவன். எனக்கு ஆத்தா கூழ் குடுப்பாளா?"

"ஆத்தா உன் பேரு கேட்டா கூழ் ஊத்துறா? டம்ளர எடுத்தாடா, பேசிகினே கீறே."

ஆஸ்டின் மூன்று டம்ளர் குடித்தான். "நீ துன்னியாக்கா?"

"வேலை பாக்கி கீது. அப்பால."

மேலே கூடம் காலியாக இருந்தது. ஜாடியின் துணியை அவிழ்த்து, தண்ணீரை வடித்தாள். கை அருகில் போனதும் பதினாலும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. காற்றில் ஆடி ஆடி எதையோ தேடின. பட்டையாக, நாடா மாதிரி ஒட்டிப்போன உடம்பு. இன்று ஊருக்கே ஊற்றிவிட்டாள். தன் கையை நம்பிக் கிடக்கிற இந்த வாய்கள் இரண்டு மாசமாகக் காய்கின்றன. நாளைக்கும் இவற்றுக்குக் கிடைக்கப் போவது உப்புத் தண்ணீர். அதையும் கக்க வைத்துவிடுவார்கள்.

அவள் யோசிக்காமல் செய்யவில்லை. சீட்டு ஞாபகம் இருந்தது. ஸ்ம்ருதி சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஆனால் காய்ந்த மாடு கறக்குமா, புல் போட்ட மாடு கறக்குமா? வயிறு நிறைந்தால் எச்சில் இன்னும் நன்றாகத்தானே ஊறும்? படித்தவர்களுக்கு மாடு தெரியாது, பாவம். அம்மன் நாளில் கொடுத்தது கெடுதலாகப் போகாது. இப்படிச் சொல்லிக்கொண்டு, ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, இடது கையை ஜாடிக்குள் விட்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கையில் இடம் போதாமல் காலிலும் விட்டாள். ஒவ்வொன்றும் விரல் தடிமனுக்கு உப்பி, தானாகக் கழன்று விழுந்தது. அவள் வாயெல்லாம் அம்மன் பேர்தான்.

ரத்தம் நிற்கவில்லை. துணி சுற்றிக்கொண்டு கீழே இறங்கும்போது புடவையில் திட்டுத் திட்டாக ஊறியிருந்தது.

"இன்னாக்கா இது!" என்று ஆஸ்டின் பதறினான். "கூழ் ஊத்தப் போனியா, ரத்தம் ஊத்தப் போனியா?"

"கண்ணாடி கிழிச்சிடுச்சிடா" என்றாள். ஏழு வருஷத்தில் அந்தக் கேட்டில் அவள் சொன்ன ஒரே பொய் அது. வீட்டுக்குப் போய், அக்கா காப்பித்தூளை வைத்து அழுத்திக் கட்டிய பிறகு, சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கூழ் குடித்தாள். தலை சுற்றினாலும் மனசு குளிர்ந்திருந்தது.

திங்கட்கிழமை ஸ்ம்ருதி சீக்கிரமே வந்துவிட்டாள். ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அக்கா. இதுங்களுக்கு யார் என்ன குடுத்தாங்க?"

முத்தாலம்மாள் கட்டுப் போட்ட கையை நீட்டினாள். "நான்தான் மேடம்."

"எல்லாத்துக்குமா?"

"ஒண்ணத்துக்குக் குடுத்து ஒண்ணத்த வுட முடியுமா? நேத்து கூழ் ஊத்தின நாளு. ரெண்டு மாசமாப் பட்டினி. நான் மட்டும் எப்டி துன்றது?"

ஸ்ம்ருதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபப்படுவாள் என்று முத்தாலம்மாள் காத்திருந்தாள். அவள் கோபப்படவில்லை.

"அதுக்குப் பட்டினியே இல்லக்கா. ஒரு தடவை குடிச்சா ஆறு மாசம் தாங்கும். அதோட உடம்பே அப்படி."

"தலையத் தூக்கி என்னைத்தான் பாத்துச்சி மேடம்."

"உங்க கை சூட்டுக்குத் தூக்கினது. யார் கை வெச்சாலும் தூக்கும்."

முத்தாலம்மாளுக்கு அப்போதும் ஒரு ஆசை. "வயிறு நெறஞ்சா எச்சில் ஊறாதா மேடம்?"

"குடிக்கும்போதே எல்லாம் உங்க ரத்தத்துல கலந்தாச்சு. இப்ப சுத்தமா எடுக்க ஒண்ணும் இல்ல."

இருந்தாலும் சோதித்துப் பார்த்தார்கள். வெதுவெதுப்பான தோலின் மேல் ஒவ்வொன்றாக விட்டார்கள். ஒன்றாவது கடிக்க வேண்டுமே? மப்பாக, சுருண்டு சுருண்டு விழுந்தன. சுப்ரமணியன் சார் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மறுபடி ரெண்டு மாசம்..." என்றார்.

"ஆகஸ்ட் முடிஞ்சா ரூமே இல்ல சார்."

அவர் முத்தாலம்மாளைப் பார்த்தார். "கையில மருந்து போட்டுக்கோம்மா. சீழ் பிடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். செருப்பால் அடித்திருந்தால் தேவலை என்று அவள் அக்காவிடம் சொல்லி அழுதாள்.

நீட்டிப்பு இல்லை என்ற கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஸ்ம்ருதி வேறு ஊரில் வேறு வேலை தேடப் போகிறாள். முத்தாலம்மாளை ஹாஸ்டல் கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லையே என்று லோகநாயகி ஆறுதல் சொன்னாள். வேலையைப் பற்றி அவள் எப்போது நினைத்தாள்? இன்னும் எத்தனை வீடுகளில், கட்டுப் பிரிக்கிற நாளில், முகம் கழுவிவிட்டு வருகிறவன் அப்படியே உட்காரப் போகிறானோ என்றுதான் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தைக் காலி செய்தார்கள். கடைசியாக ஜாடி நின்றது.

"ஏரில வுட்டுட்டு வரட்டா மேடம்?"

"கூடாதுக்கா. மனுஷ ரத்தம் குடிச்சதை வெளியே விடக் கூடாதுன்னு ரூல். ஸ்பிரிட்லதான் போடணும்." ஸ்ம்ருதி தயங்கினாள். "நான் செய்யறேன். நீங்க கீழ போங்க."

"வாணாம். நான்தான செஞ்சேன். நானே பாக்கறேன்."

அவற்றுக்கு வலி தெரியாமல் இருக்க முதலில் ஐஸ் தட்டில் வைக்கச் சொன்னாள் ஸ்ம்ருதி. குளிரில் அவை மரத்துப்போய், வாய்வழியாகக் கக்கின. வெள்ளைத் தட்டில் கறுஞ்சிவப்பாக ஓடி, ஓரத்தில் தேங்கியது. ஸ்ம்ருதி தட்டைக் கொஞ்சம் சாய்த்தாள். ரத்தம் அந்தப் பக்கம் ஓடியது. மறுபடி சாய்த்தாள். இந்தப் பக்கம் ஓடி வந்தது.

"அஞ்சு நாளாச்சு" என்றாள். "ஒரு துளிகூட உறையல, பாருங்க."

"இத்த எடுத்து வெக்கலாமா மேடம்?"

"எதுக்குக்கா? உங்க ரத்தமும் அதோட எச்சிலும் ஒண்ணாக் கலந்து கிடக்கு. பிரிச்சுப் பாக்க ஆளும் இல்ல, நாளும் இல்ல. கழுவிடுங்க."

முத்தாலம்மாள் தட்டைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பிரிட்டில் போட்டாள். பதிமூன்று விழுந்துவிட்டன. கடைசியானது முழுதாக மரத்துப்போகவில்லை போலிருக்கிறது. அவள் விரலில் வால் பக்கத்தால் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினால் அதற்கு வலிக்கும் என்று, விரலை ஐஸின் மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள். விரல் விறைத்தது. ரொம்ப நேரம் கழித்து அது பிடியை விட்டது. அதையும் பாட்டிலில் போட்டு, மூடியைத் திருகினாள்.