எடைக்குப் பின்னால் ஓர் எழுத்து

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எங்கள் தேயிலை ஃபாக்டரியின் டேட்டாபேஸ் முழுதும் என் கையில். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே தட்டித் தட்டிக் கற்றேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

தோட்டக்காரர்கள் பறித்துக் கொண்டுவந்து போடும் பச்சை இலையை எடுக்க எந்த ஷெட்டுக்கு முதலில் லாரி போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லத் தொடங்கிய முதல் நாள். ஷெட்காரர்கள் எடையைப் போனில் தட்டுவார்கள். அதிக இலை உள்ள ஷெட் பட்டியலில் மேலே வரும். அன்று நல்ல மழை. மத்தியானம் நடுவட்டம் ஷெட் ராஜாமணி கூப்பிட்டார்.

"ஏனுங்கண்ணா, லாரி எங்கீங்க? மூட்டைக்குள்ள கை வெக்க முடியல, அப்படிச் சுடுது. இலை செவந்துட்டா ஃபாக்டரில திருப்பிடுவாங்க. அப்புறம் எந்தத் தோட்டக்காரருங்க என் ஷெட்டுக்கு வருவாங்க?"

பட்டியலைப் பார்த்தேன். 95 கிலோ வைத்திருந்த கேத்தி ஷெட் மேலே. 820 கிலோ வைத்திருந்த நடுவட்டம் கீழே. உடனே பிடிபட்டது. எடைக் கட்டம் எண்ணையும் எழுத்தாகவே வைக்கும் டெக்ஸ்ட் வகை. டெக்ஸ்டை வரிசைப்படுத்தும்போது முதல் எழுத்தைத்தான் முதலில் ஒப்பிடும். எட்டைவிட ஒன்பது பெரிது. அப்படி வைத்தவன் நான்தான். அதைத் தப்பென்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மழை நாளில் எங்கள் ஷெட்காரர்கள் எடைக்குப் பின்னால் 'ஈ' போடுவார்கள். ஈர இலை என்று அர்த்தம். எண் வகைக் கட்டம் அந்த எழுத்தை வாங்காது.

CAST போட்டு எண்ணாக மாற்றப் பார்த்தேன். '820 ஈ'யில் முட்டிக் குவெரி நின்றது. பக்கத்தில் நின்ற மேனேஜருக்கு அவசரம்.

"TRY_CAST போட்டுடுங்கண்ணா, எர்ரரே வராதுல்ல."

போட்டேன். எர்ரர் வரவில்லை. 'ஈ' போட்ட ஷெட்டுகளின் எடை எல்லாம் NULL, அதாவது வெற்று ஆகி, அவை அடியில் போய் உட்கார்ந்தன.

"பாருங்க சார், சீக்கிரம் சூடாகறதே ஈர இலைதான். அதையே கடைசில தள்ளிருச்சு."

"அப்ப எழுத்தே போட வேண்டாம்னு சொல்லிரலாமுங்களா?"

"சொன்னா எது ஈரம்னு லாரிக்கு யாரு சொல்றது?"

எழுத்தை REPLACE வைத்து நீக்கி, மிச்சத்தை CAST செய்தேன். எழுத்து இருந்த ஷெட்டுகள் முதலில் வரும்படி வரிசையை மாற்றினேன். நடுவட்டம் உச்சிக்கு வந்தது. கேத்திக்குக் கிளம்பிய டிரைவரைப் போனில் திருப்பினேன்.

"உங்க கம்ப்யூட்டரும் மழைல நனைஞ்சுருச்சுங்களா?" என்றார் அவர். ஆனால் திரும்பினார்.

ஃபாக்டரியில் இலை பார்ப்பவர் ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டார். அடியில் கிடந்து சிவந்துவிட்ட இரண்டைத் தள்ளிவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டார்.

"ரெண்டோட தப்பிச்சேனுங்கண்ணா. அந்தத் தோட்டக்காரங்ககிட்ட நானே பேசிக்கறேன்" என்றார் ராஜாமணி.

வகையை மாற்ற யாருக்கும் தெரியும். மாற மறுக்கிற மதிப்பை NULL ஆக்கி மறைக்காதீர்கள். அதை எழுதியவரை ஒரு முறை கூப்பிட்டுக் கேளுங்கள். NULL என்று வந்த இடத்தில் யாரோ ஒருவர் லாரிக்குக் காத்துக்கொண்டிருப்பார்.