அண்ணனை அடித்த முன்சக்கரம்

டயர் மாட்டாத ஒரு முன்சக்கரம் அன்று என் கையில் இருந்தது. பந்தய சைக்கிளுக்குப் போடும் எழுநூறு அளவு, மெல்லிய அலுமினிய ரிம், இருபத்து நான்கே கம்பிகள். அவற்றில் சில இன்னும் ரிம்மில் சேராமல் நீட்டிக்கொண்டிருந்தன. சிரம்பான் கடையில் ஆசையாகப் பொறுக்கி வாங்கிய பாகங்களை, ரெம்பாவ் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அண்ணன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கோத்துக்கொண்டிருந்தேன். சக்கரத்தைப் பிடிக்கும் கவையான கார்பன் ஃபோர்க் பக்கத்தில் கிடந்தது. நானும் அவரும் மூட்டை கட்டிக்கொண்டு தாய்லாந்து எல்லைவரை சைக்கிளில் போவதாகப் பேச்சு. அதற்காகத்தான் இத்தனையும்.

அண்ணன் செம்பனைப் பழம் வெட்டுகிறவர். வாயைவிட அவருக்குக் கை முந்தும். அம்மாவை இழுத்துத் திட்டிய மேற்பார்வை மண்டோரை வடிகாலில் தள்ளி மிதித்தவர். சின்ன வயதில் எனக்கும் அவரிடம் அடிக்குக் குறைவில்லை. அவரைக் கண்டால் எனக்குப் பயம். பயத்தைவிட ஆத்திரம் அதிகம்.

"இருபத்தாறு இன்ச்சு வாங்குடான்னு சொன்னேன்ல? எந்தக் கம்பத்துல, எந்தப் பட்டிக்காட்டுல பஞ்சராகி நின்னாலும் அந்த டயரு கிடைக்கும் லா. முப்பத்தாறு கம்பி போடு. இந்தக் கார்பன் ஃபோர்க்கு சொல்லாமக் கொள்ளாம முறியும். இரும்பு வளைஞ்சாலும் நிமித்திக்கலாம்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சுமையோடு போகிற வண்டிக்கு முதலில் வேண்டியது பலம். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், "தோட்டத்த விட்டு வெளிய போகாத ஆளுக்கு என்ன தெரியும்?" என்றேன்.

சுத்தியலை எடுத்தார். ஃபோர்க்கை வாசற்படியில் வைத்து இரண்டே அடி. கறுப்புச் சிம்புகளாகச் சிதறிப்போனது. "நடு ரோட்டுல உன் பல்லு போறதுக்கு, இது இங்கயே போகட்டும்" என்றார். எனக்குக் கண் மண் தெரியவில்லை. கையிலிருந்த சக்கரத்தைப் பிடித்தபடியே அவர்மேல் வீசினேன். முதல் வீச்சு தோளில் பட்டது. இரண்டாவது முகத்தில். நீட்டிக்கொண்டிருந்த கம்பி ஒன்று அவருடைய இடக்கண்ணில் இறங்கியது. அவர் என்மேல் ஓங்கிய கையை அப்படியே இறக்கி, முகத்தைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் இரத்தம் வழிந்தது.

அண்ணி அப்போது பாசாருக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தார். நான்தான் காரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பழம் வெட்டுகிறவர்களுக்குக் கண்ணில் அடிபடுவது புதிதல்ல. அண்ணாந்து வெட்டும்போது மட்டையும் முள்ளும் முகத்தில்தான் வந்து விழும். டாக்டர் கேட்டதும், "மட்டை விழுந்துருச்சு" என்றார் அண்ணன். டாக்டர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு அவரால் குலையைச் சரியாகக் குறிபார்த்து வெட்ட முடியாததால், தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு உட்காரவைத்துவிட்டார்கள்.

இப்போது என்னிடம் இருப்பது இருபத்தாறு இன்ச்சு சக்கரமும் இரும்பு ஃபோர்க்கும் உள்ள வண்டி. எல்லைவரை தனியாகப் போய் வந்துவிட்டேன். போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்.

"கண்ணாடி போட்டுக்கிட்டு வெட்டுங்கன்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டாரா இந்த மனுஷன்? எல்லாம் இவரு திமிரு."

அண்ணன் கறிச் சட்டியை அண்ணி பக்கம் நகர்த்தினார். "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் கறி போடு" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டை நீட்டினேன்.